வெறும் தண்ணீரில் தோய்த்த மீன்

பதினெட்டு வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். அதில் ஒரு பரிசோதனையையாவது நானாக யோசித்து, நானாகச் செய்ததில்லை என்பதை மன்னார்ப் பேசாலையில் ஒரு கருவாட்டு முற்றத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தேன். பரிசோதனையில் கட்டுப்பாடு என்றால் என்ன என்ற கேள்விக்கு நான் கரும்பலகையில் எழுதுகிற விடை கண்ணை மூடிக்கொண்டே எழுதக்கூடியது. அப்படித்தான் எழுதியும் வந்திருக்கிறேன்.

முதலில் எடித்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்தர வகுப்பு, பேசாலைப் பிள்ளை, தாய் மார்த்தா கருவாடு போடுகிறவர். பத்தாம் வகுப்பில் யாரோ அவளுடைய மேசையில் காம்பசால் 'கருவாடு' என்று கிண்டி வைத்திருந்தார்கள். அவள் அதை அழிக்கவுமில்லை, யாரிடமும் முறையிடவுமில்லை. இரண்டு வருடம் அதன் மேலேயே கொப்பியை வைத்து எழுதினாள். பிறகு, விஞ்ஞானப் போட்டிக்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்ட அன்று எழுந்து நின்று, "சேர், வேப்பிலைத் தண்ணியில தோய்ச்சுக் காயவிட்டால் கருவாட்டில புழு குறையுமோ எண்டு பாப்பம்" என்றாள். வகுப்பு சிரித்தது. எருக்கலம்பிட்டி மர்சூக் மட்டும் சிரிக்காமல், "நானும் சேரவா?" என்று கேட்டான். அவனுக்கு எண்ணுவதற்கு ஏதாவது கிடைத்தால் போதும்.

நாற்பது கும்பளா மீன். இருபதை வேப்பிலை அவித்த தண்ணீரிலும், இருபதை வெறும் தண்ணீரிலும் தோய்த்து, இரண்டுக்கும் ஒரே அளவு உப்பு, வழமையில் பாதி, போட்டு நாலு நாள் காய விட்டார்கள். வேப்பிலை மீன் இருபதிலும் சேர்த்து ஒன்பது புழு. வெறும் தண்ணீர் மீனில் நூற்று நாற்பத்து மூன்று. நான் அறிக்கையின் அடியில் பச்சை மையால் கையெழுத்து வைத்தேன். வலய மட்டத்தில் முதலாம் இடம். அதிபர் காலைக் கூட்டத்தில் எடித்தை மேடைக்குக் கூப்பிட்டார். மேசையில் கிண்டியவர்களும் கை தட்டியிருப்பார்கள். அந்த மாதிரி வேலையில் கையெழுத்து வைக்கிற வழக்கம் இல்லாதபடியால் யாரென்று தெரியவில்லை.

மாகாணப் போட்டி வவுனியாவில், அடுத்த கிழமை சனிக்கிழமை. எடித் இப்போதே வெள்ளைச் சட்டையை ஸ்திரிக்கை போட்டு வைத்துவிட்டாளென்று மர்சூக் சொன்னான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பேசாலைக்குப் போனது காட்சிப் பலகைக்குப் படம் எடுக்க. மார்த்தா கூடையிலிருந்து மீனை எடுத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். முகம் என் பக்கம், வாய் அயல் வீட்டுக் கலியாணத்தில், கை மட்டும் தன் பாட்டில் வேலை செய்தது. ஒரு மீன் வலப்பக்கம் போகும், அடுத்தது இடப்பக்கம். ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

"மார்த்தாக்கா, பாக்காமலே என்னெண்டு பிரிக்கிறீங்கள்?"

"பாக்க என்ன கிடக்கு சேர்? வயிறு இளகினது கைக்குத் தெரியும். நல்லது இஞ்சால, இளகினது அங்கால. கை பழகிப் போச்சு, நிப்பாட்டச் சொன்னாலும் நிக்காது."

நான் கமராவைக் கீழே இறக்கினேன். ஏன் இறக்கினேன் என்று எனக்கே அந்தக் கணம் தெரியவில்லை. மூளைக்கு முன்னம் கைக்கு விளங்கிவிட்டது.

"எடித்தின்ர பரிசோதனைக்கும் நீங்கள்தானே மீன் குடுத்தனீங்கள்?"

"ஓம், நான்தான். இருபது இருபதாப் பிரிச்சுக் குடுத்தனான்."

"எந்த இருபது எதுக்கு?"

மார்த்தா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "இதென்ன கேள்வி? பிள்ளை மருந்து போடப் போறன் எண்டு சொன்னது. அதுக்கு இளகினதையே குடுப்பன்? நல்ல இருபதை வேப்பிலைக்குக் குடுத்தனான். வெறும் தண்ணியில தோய்க்கிறதுக்கு நல்ல மீன் என்னத்துக்கு?"

நான் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் இருந்தேன்.

"காயேக்க இலையான் கலைச்சனீங்களோ?" என்று கேட்டேன். மீனில் புழு வருவது ஈ இடுகிற முட்டையால்.

"கலைக்காமல்? பிள்ளையின்ர தட்டில ஒரு இலையான் குந்தியிருக்க விடேல்ல. நாலு நாளும் ஓலையோட நிண்டனான்."

"மற்றத் தட்டு?"

"அதில இலையான் வரத்தானே வேணும் சேர். வராட்டில் பிள்ளை தோத்துப் போகுமெல்லோ."

அவ்வளவுதான். இரண்டு கூட்டத்துக்கும் வேப்பிலையைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இருக்கக்கூடாது என்று பதினெட்டு வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். இங்கே ஒரு கூட்டத்துக்கு நல்ல மீனும் ஒரு தாயும், மற்றதுக்கு இளகின மீனும் இலையானும். நாங்கள் அளந்தது வேப்பிலையை அல்ல. மார்த்தாக்காவை அளந்திருக்கிறோம்.

"என்ன சேர், முகம் ஒருமாதிரிப் போச்சு? தேத்தண்ணி ஊத்தட்டே?"

"வேண்டாமக்கா" என்று சொல்லிவிட்டு ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தேன். படம் எடுக்கவில்லை.

மன்னார் பஸ்ஸில் ஏறினேன். தோட்டவெளியில் இறங்கினேன், வீடு அங்கேதான். வாசல் வரை போய்த் திரும்பித் தரிப்பிடத்துக்கு வந்து பேசாலை பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது, ஏறவில்லை. சொன்னால் எடித் மாகாணத்துக்குப் போவது நின்றுவிடும். சொல்லாவிட்டால் போவாள், வெல்லவும் கூடும். பொய் என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். மார்த்தாக்காவுக்கு அது பொய் என்றே தெரியாது. என்னைப் பார்த்துக் குரைக்கவென்றே இருக்கிற முன்வீட்டு நாய், அன்று மூன்றாம் தரம் நான் கடந்து போனபோது அலுத்துப்போய்ப் படுத்துவிட்டது.

புதன்கிழமை வகுப்பில் ஒளித்தொகுப்பு படிப்பித்தேன். சோக்குக் கட்டியை நாலு தரம் முறித்தேன். எடித் முன்வரிசையிலிருந்து, "சேர், குளோரோபில் எண்டு ரெண்டு தரம் எழுதியிருக்கிறீங்கள்" என்றாள். "முக்கியமான சொல்" என்றேன்.

வியாழக்கிழமை இடைவேளைக்கு இருவரையும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டேன். இரண்டு நாளாக நல்ல வசனம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறக்க வேறொன்று வந்தது.

"பிள்ளை, உன்ர அம்மா மிச்சம் நல்ல மனுசி. அதுதான் பிரச்சினை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மர்சூக் மேசையில் விரலால் ஏதோ கணக்குப் போட்டான். எடித் நின்ற இடத்தில் நின்றாள்.

"நீங்கள்தானே சேர் கையெழுத்து வச்சனீங்கள்" என்றாள்.

"ஓம்."

"மீன் எங்க இருந்து வந்தது, ஆர் பிரிச்சது எண்டு ஒருநாளும் கேக்கேல்ல."

"கேக்கேல்ல."

"நான் சட்டைகூட..." என்று தொடங்கி நிறுத்தினாள். யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் ஒரு பகிடி விட நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக விடவில்லை. இடைவேளை முடிகிற மணி அடித்தது.

"இண்டைக்கு வியாழன்" என்றாள் திரும்பாமலே. "நாளைக்கு மீன் எடுத்தால் செவ்வாய்க்கிழமை எண்ணலாம். சனிக்குத்தானே போட்டி."

"வித்தியாசம் வராட்டில்?" என்று கேட்டான் மர்சூக்.

"வராட்டில் வரேல்லத்தான்."

வெள்ளி காலை முற்றத்தில் நால்வரும் கூடினோம். மீனை எழுமாறாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, புத்தகத்தின் கடைசியில் இருந்த எழுமாற்று எண் அட்டவணையைத் திறந்தேன். எதையும் பார்க்காமல் குலுக்கிப் போட்டதுபோல் எண்கள் வரிசையாக நிற்கிற பக்கம். அதை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வாசிப்பது என்று எனக்குத் தெரியாது. மேலிருந்து கீழா, இடமிருந்து வலமா என்று நானும் மர்சூக்கும் பத்து நிமிடம் வாதாடினோம். மீனில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

மார்த்தா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சேர், உங்களுக்கு இப்ப என்ன வேணும்? ஆருக்கு எது போகுது எண்டு ஒருதருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதானே?"

"ஓம்."

"அதுக்கேன் புத்தகம்? வள்ளத்தில வாற கறிமீன் பங்கு வைக்கிறமாதிரி வையுங்கோவன். ஒராள் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும். மற்றாள் மீனில கையை வச்சு 'இது ஆருக்கு?' எண்டு கேக்கட்டும். பாக்காத ஆள் பேரைச் சொன்னால் முடிஞ்சுது. நாளைக்கு ஒருதரும் சண்டைக்கு வர ஏலாது."

"எங்கட பக்கமும் பங்கு இறைச்சிக்கு இப்படித்தான் சேர்" என்றான் மர்சூக்.

நான் புத்தகத்தை மூடினேன். பட்டம், பயிற்சிக் கல்லூரி, பதினெட்டு வருடம். மூடும்போது தூசி பறந்தது.

கடலைப் பார்த்து நிற்க மார்த்தாவையே விட்டோம். அந்தக் கை மீனில் படாமல் இருப்பதற்கு வேறு வழி இல்லை. எடித் மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது ஆருக்கு?"

"வேப்பிலைக்கு."

"இது?"

"தண்ணிக்கு. பிள்ளை, அது இளகினதோ?"

"அன்ரி, திரும்பாதேங்கோ" என்றான் மர்சூக்.

"திரும்பேல்ல மோன. கழுத்து உளையுது."

"இது ஆருக்கு?"

"நல்லதெண்டால் வேப்பிலைக்கு."

"அம்மா."

"சரி, சரி. தண்ணிக்கு."

இருபது இருபதாக ஆனதும் ஒவ்வொரு மீனின் வாலிலும் இலக்கம் எழுதிய பிளாஸ்டிக் துண்டை நூலால் கட்டினோம். எந்த இலக்கம் எந்தத் தண்ணீர் என்ற பட்டியலை மர்சூக் எருக்கலம்பிட்டிக்குக் கொண்டுபோய்விட்டான். நாற்பதையும் கலந்து ஒரே ஓலைக் கிடுகில் பரப்பினோம். மார்த்தா ஓலையோடு வந்து பார்த்துவிட்டு முறைப்பட்டார். "இதென்ன சேர், எல்லாம் கலந்து கிடக்கு. எதுக்கெண்டு இலையான் கலைக்கிறது?"

"எதையும் கலைக்கலாம் அக்கா. இல்லாட்டில் சும்மா இருக்கலாம்."

"சும்மா இருக்கிறதோ?" என்றவர் நாற்பதையும் கலைத்தார். ஞாயிறு பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் வந்து கலைத்தாரென்று எடித் சொன்னாள். நானும் ஒவ்வொரு நாளும் போனேன். போய்ச் செய்ய ஒன்றுமில்லை. வாளியில் இருந்தேன், எழுந்தேன், கடலைப் பார்த்தேன், திரும்ப இருந்தேன். வாடைக்காற்றுக் காலம் என்றபடியால் பாதி நாள் முகில். வருகிறது மழையோ என்று நான் பார்த்த பார்வையில் மழையே தயங்கியிருக்கும்.

செவ்வாய் பின்னேரம் எண்ணினோம். எடித் சாமணத்தால் செவுளைத் திறந்து, வயிற்றை விரித்து, இலக்கத்தையும் தொகையையும் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முடிந்தபிறகு மர்சூக் பட்டியலை எடுத்தான். கூட்டினான். திரும்பக் கூட்டினான்.

"வேப்பிலை அறுபத்தொண்டு. தண்ணி அறுபத்தேழு."

பிறகு மார்த்தா, "ஆறு குறைவுதானே, அதை எழுதுங்கோவன்" என்றார்.

"ஒரு மீனில மட்டும் பத்தொன்பது இருந்ததம்மா" என்றாள் எடித். "ஆறு வித்தியாசம் இல்லை."

மார்த்தா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப முந்தி பிள்ளை வெண்டது?"

அதற்கு எடித்தான் பதில் சொன்னாள். "அது நீங்கள் வெண்டதம்மா." சொல்லிவிட்டுத் தாயின் கையிலிருந்த ஓலையை வாங்கி ஓரமாக வைத்தாள். தாய் முகத்தை முன்தானையால் துடைத்தார். வியர்வை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

படலையடியில் எடித்தை நிறுத்தினேன். "பிள்ளை, போகாமலும் விடலாம். காய்ச்சல் எண்டு எழுதி அனுப்பலாம்."

"ஆருக்குக் காய்ச்சல் சேர்?"

"எனக்கு."

"உங்களுக்கு வந்திருக்கிறது காய்ச்சல் இல்லை. பயம்" என்றாள். "சனி காலமை நாலரை பஸ்ஸுக்கு நில்லுங்கோ."

நின்றேன். வவுனியாவில் ஒரு பெரிய மண்டபத்தில் பலகையை நிறுத்தினோம். இரண்டு அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில்: முதல் தரம், இரண்டாம் தரம். நடுவர் அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப வேப்பிலையால பிரயோசனம் இல்லையா?"

"நாங்கள் செய்த அளவில இல்லை மிஸ். முதல்தரம் செய்த பிழையால இருக்கிறமாதிரித் தெரிஞ்சது."

"பிழையை யார் கண்டுபிடிச்சது?"

"சேர்தான்." எடித் என்னைக் காட்டினாள். "பிழையை விட்டதும் அவர்தான். நானும் சேர்த்தி."

நடுவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன், பாராட்டுக்கும் குட்டுக்கும் பொதுவான கோணத்தில்.

பின்னேரம் வென்ற மூன்று பேருடைய பெயரை ஒட்டினார்கள். எங்களுடையது இல்லை. எடித் இரண்டு தரம் வாசித்தாள். உதட்டை ஒருமுறை கடித்தாள். மர்சூக் பலகையை மடித்து நூலால் கட்டினான். நான் கன்ரீனில் வாங்கிய மூன்று பணிஸில் ஒன்றை அவளிடம் நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, முதலாம் பரிசு பெற்ற பலகையில் ஒட்டியிருந்த, உரம் போட்ட செடியினதும் போடாத செடியினதும் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சேர், அதைப் பாத்தனீங்களே? பசளை போட்ட சாடி கிழக்கு யன்னல்ல. போடாத சாடி மற்றப் பக்கத்து யன்னல்ல."

"பிள்ளை, மன்னார் பஸ் வெளிக்கிடப் போகுது."

"வெயில் ரெண்டுக்கும் ஒண்டில்லையே."

"நடுவருக்குச் சொல்லப் போறியோ?"

"நடுவருக்கு என்னத்துக்கு?" என்றாள். "அந்தப் பிள்ளை தேசியத்துக்குப் போகப் போகுது. அங்க ஆரும் கேட்டால் பாவமெல்லோ. இன்னும் ஒரு மாசம் இருக்கு, திரும்பச் செய்யலாம்."

பணிஸை மர்சூக்கின் கையில் திணித்துவிட்டுப் போனாள். வெற்றிக் கிண்ணத்தோடு நின்ற அந்தப் பெண் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு இரண்டு பேரும் பலகைக்குமேல் குனிந்தார்கள். எடித் விரலால் படத்தில் ஒரு யன்னலைக் காட்டினாள், மற்றவள் பேனையைத் தேடினாள்.

நானும் மர்சூக்கும் வீதிக்கு ஓடினோம். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு காலை மிதிபலகையில் வைத்து, மற்றதைத் தார் ரோட்டிலேயே விட்டுக்கொண்டு, "ரெண்டு நிமிசம் தம்பி, ஒரு பிள்ளை வர இருக்கு" என்று கண்டக்டரைக் கெஞ்சினேன்.

"மாஸ்டர், ஏறுறதெண்டால் ஏறுங்கோ, நிக்கிறதெண்டால் நில்லுங்கோ" என்றான் அவன்.

"பிள்ளை வரட்டும்" என்றேன்.