பயில்வானின் எடை

ஏறாதே. இன்னும் ஒரு கிலோ ஏறிவிடாதே, என் தங்கமே.

நினைத்த மறுகணமே ராமசெல்விக்கு உடம்பு கூசியது. குடோனில் நைலான் கயிற்றுச் சுருள்களை நிறுக்கும் எடை மேடையின் மேல் பயில்வான் நான்கு கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. எட்டு மாதமாக ஞாயிறுதோறும் ஏறிப் பழகிய இடம், அதனால் யாரும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி இருபத்தேழரையில் நின்றன.

"பாத்தியா செல்வி!" சுடலைராஜ் கையைத் தட்டினான். "பதினேழுல ஆரம்பிச்ச பய. இன்னும் ரெண்டரை கிலோதான். முப்பதத் தொட்டுட்டுன்னா கீழ குடோன்லயே கட்டிரலாம். அதுக்குத் தேவையானதுக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிருதேன், ஒனக்கும் இந்த அலைச்சல் முடிஞ்சிரும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று மாடிப்படி ஏறி முடிக்கும்வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

மாத்தூரில் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியூர் போன ஒருவரிடமிருந்து சுடலைராஜ் அந்த அல்சேஷன் நாயை வாங்கி வந்தான். கயிறும் தார்ப்பாயும் மொத்த விலைக்கு விற்கிற குடோனுக்கு ஒரு காவல் வேண்டும் என்பது அவன் எண்ணம். வந்திறங்கிய அன்று அதற்கு எலும்பும் காதும்தான் இருந்தன. ஒரு நம்பிக்கையில் பயில்வான் என்று பேர் வைத்தான். தார்ப்பாய் வாங்க வந்த லாரி டிரைவர் பார்த்துவிட்டு, "இது சரக்கைக் காக்குமா? மொதல்ல இத்த காத்தடிச்சுக்கினு போவாம பாத்துக்க நைனா" என்று சொல்ல, தெருவே சிரித்தது.

சுடலைராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. பச்சை முட்டை, நெய்ச்சோறு, ஆட்டுக் கொழுப்பு, ஒரு லிட்டர் பால் என்று கொட்டினான். நாய் பறந்து பறந்து தின்றது. தின்னத் தின்ன இளைத்தது. தின்றதெல்லாம் எண்ணெய் மினுக்கோடு சாம்பல் நிறத்தில் குவியலாக வெளியே வந்தது. நாற்றம் மாடிவரை ஏறியது. பசி தாங்காமல் அது தன் மலத்தையே தின்னப் போன நாளில்தான் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்த இளம் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கணையம் வேலை செய்யல. செரிக்க வேண்டிய நீர் சுரக்கல. நீங்க எவ்வளவு கொடுத்தாலும் உடம்புல ஒட்டாது" என்றாள். கொழுப்பு கூடாது. தோல் உரித்து வேகவைத்த கோழி, குழைந்த சோறு, அதில் ஆட்டுக் கணையத்தைப் பச்சையாக அரைத்துக் கலந்து அரைமணி ஊறவிட வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல் நாலு வேளையாகப் பிரிக்க வேண்டும். வாரம் ஒரு ஊசி. ஊசியை நான் போடுகிறேன் என்றாள் ராமசெல்வி. கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்.

கணையம் வாங்கத்தான் சிக்கல். கறிக்கடைக்குப் போன கடை ஆள் முதலில் ஈரலை வாங்கி வந்தார். அடுத்த தடவை சுவரொட்டி என்கிற மண்ணீரலை. பார்த்து அடையாளம் தெரிந்தவர்கள் போனால்தான் நடக்கும் என்று டாக்டரம்மா போனில் சொன்னாள். லேப் வேலைக்குப் படித்ததில் அந்த வீட்டில் அடையாளம் தெரிந்தவள் ராமசெல்வி மட்டும்.

இப்படித்தான் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் தனியாக வாசலைத் தாண்டினாள்.

சுடலைராஜ் கெட்டவன் இல்லை. ஒரு நாள்கூட அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. "ரோடாட்டி இது? கன்டெய்னர் லாரி மலை மாதிரி வருது. ஆம்பிளைக்கே பதறும்" என்பான். அது பொய்யும் இல்லை. திருவொற்றியூரில் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி மணிக்கணக்காக நிற்கும். அதனால் காய், மருந்து, சேலைக்கு ஃபால்ஸ், வாரப் பத்திரிகை எல்லாமே மாடிக்கு வந்துவிடும். ஞாயிறு சாயங்காலம் காரில் கோயிலுக்கு. ஒனக்கு என்ன குறை என்று அம்மா போனில் கேட்பாள். ஒன்றுமில்லை என்பாள். குறை சொல்ல ஒரு சொல்லும் அகப்படாத வீட்டில் மூச்சு முட்டுகிறது என்பதை எந்த வார்த்தையில் சொல்வது?

காலை ஆறு மணிக்குப் போனால்தான் ஆட்டின் உள்ளுறுப்பு பச்சை மாறாமல் கிடைக்கும். சுடலைராஜ் எழுந்திருக்க ஏழாகும். அதனால் கேட்டின் மாற்றுச் சாவி அவள் கைக்கு வந்தது. மெட்ரோ கார்டும் அவனே வாங்கிக் கொடுத்தான். "ரயில்லயே போயிட்டு ரயில்லயே வந்திரணும், என்ன?"

முதல் பொய்யை அவள் அந்த வாரமே சொன்னாள். கணையத்தை வேளைக்கு வேளை பொட்டலம் கட்டி ஃப்ரீஸரில் போட்டால் ஒரு மாதம் தாங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ராமசெல்வி அவனிடம், "மூணு நாலு நாளைக்கு மேல தாங்காதாம்" என்றாள். புதனும் சனியும் அவளுடையவையாயின.

புது வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் பஷீர் பாயின் கறிக்கடை. கடைக்குப் பின்னால் அவர் தம்பி மனைவி ஜீனத் குந்தியபடி ஆட்டுக் குடலும் போட்டியும் கழுவிக்கொண்டிருப்பாள். ராமசெல்வியின் வயதுதான் இருக்கும். முதல் நாள் ராமசெல்வி குடல் குவியலைத் தானே பிரித்து, இரைப்பையை ஒட்டி இலைபோலக் கிடந்த வெளிறிய ரோஜா நிறச் சதையைத் தொட்டுக் காட்டினாள்.

"இதா? இத்த நாங்க தூக்கிக் கடாசிடுவோமே!" ஜீனத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பஷீர் பாயைக் கூப்பிட்டாள். "மச்சான், இங்க பாரு, ரயிலேறி வந்து கலீஜ வாங்கினு போவுது இந்தம்மா. யாருக்கும்மே? வூட்டுக்காரருக்கா?"

"நாய்க்கு. பேரு பயில்வான்."

"பயில்வானுக்கு வவுறு சரியில்லியா? தூ, மானம் போச்சு!"

அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் ஜீனத் முதலில் கேட்பது, "இன்னாமே, உன் பயில்வான் குஸ்திக்கு ரெடியா?" என்பதுதான். பொட்டலம் கையில் வந்ததும் ராமசெல்வி ஸ்டேஷனுக்குத் திரும்பி, மேலே பிளாட்பாரத்து நாற்காலியில் உட்காருவாள். மூன்று ரயில்களைப் போகவிடுவாள். தூரத்தில் கிரேன்களும் அவற்றின் இடுக்கில் ஒரு துண்டுக் கடலும் தெரியும். அவள் எதையும் செய்வதில்லை. போனைக்கூட எடுப்பதில்லை. யாருக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்று சரியாகத் தெரியாத அந்த முக்கால் மணி நேரத்துக்காக மற்ற ஐந்து நாளும் அவளால் சமைக்க முடிந்தது, துணி மடிக்க முடிந்தது.

நாயும் தேறியது. பொய் சொன்னாளே தவிர வேலையில் அவள் குறை வைக்கவில்லை. கோழியின் தோலையும் அடியில் ஒட்டிய மஞ்சள் கொழுப்பையும் நகத்தால் சுரண்டி எடுப்பாள். சோற்றை விரலுக்கு அகப்படாதபடி மசிப்பாள். கணையம் கலந்து அரைமணி ஊறும்வரை பயில்வான் எச்சில் ஒழுக எதிரே உட்கார்ந்து, கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கும். மூன்றாவது வாரம் ஒரு நாள் அது மொட்டைமாடியில் பழுப்பாக, கெட்டியாக, ஒழுங்காக வெளிக்குப் போனது. "ஏங்க, ஓடி வாங்க!" என்று கத்திவிட்டாள். பதறி ஓடிவந்த சுடலைராஜும் அவளும் அதன் முன்னால் நின்று கோலம் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார்கள். இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

இருபது. இருபத்துமூன்று. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. எலும்பு மறைய மறைய அவளுக்குள் ஏதோ துருத்தத் தொடங்கியது. நாய் தேறுகிற ஒவ்வொரு கிலோவும் தன் புதன்கிழமையிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது என்பதை இருபத்தேழரையில்தான் அவள் நேராகப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வஞ்சிரம் வறுத்தாள். சட்டியில் நாலு கரண்டி எண்ணெய் மிஞ்சியது. அடுப்பை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறட்டும் என்று காத்திருந்ததை நினைத்தால்தான் பின்னால் அவளுக்குத் தன்மேல் பயமே வந்தது. கோபத்தில் செய்யவில்லை, மறதியில் செய்யவில்லை. விரல் வைத்துச் சூடு பார்த்து, நாய்க்கு வாய் வெந்துவிடக்கூடாது என்று அக்கறையாகக் காத்திருந்து, பிறகு அதன் சோற்றில் ஊற்றினாள்.

பயில்வான் வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. கடைசிப் பருக்கையை நக்கிவிட்டு அவள் கையையும் நக்கியது.

சாயங்காலம் முதுகை வளைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. வயிற்றுக்குள் உருளும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. கதவுவரை போக முடியாமல் மொசைக் தரையிலேயே கழிந்துவிட்டு, தப்பு செய்துவிட்டதுபோலக் காதை மடக்கி அவளைப் பார்த்தது. அவள் மண்டியிட்டுத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கழிந்தது. மறுநாள் காலை ரயிலில் போய் வந்தாள், பிளாட்பாரத்தில் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்கள் இருபத்தாறில் நின்றன. சுடலைராஜின் முகம் வாடிவிட்டது. "நீ ராவு பகலா பாக்க, இப்படி எறங்கிட்டே" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னான். "சரக்கு பழசாயிருக்கும். வேணும்னா திங்கக்கிழமையும் போயிட்டு வா. பாவம், ஒனக்குத்தான் செரமம்."

வாரத்தில் மூன்று நாள். கேட்காமலே கிடைத்தது.

திங்கட்கிழமை ஜீனத் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, மூஞ்சி பேஜாரா கீது? பயில்வான் போய் சேந்துட்டானா?" என்றாள்.

"நான்தான் எண்ணெய ஊத்துனேன்க்கா."

"இன்னா?"

சொன்னாள். சனிக்கிழமை, ரயில், நாற்காலி, முப்பது கிலோ என்று முன்பின்னாக வந்தது. ஜீனத் கழுவுவதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்ததும் கையை உதறினாள்.

"உனுக்கு வெளிய வரணும்னா வாய தொறந்து கேளு. இல்ல, கேக்காத, வா. அத்த ஏன் கழிய வுட்ட?" குரலில் கேலி இல்லை. "அது உன்னாண்ட வந்து சோறு போடுன்னு நின்னுச்சில்ல?"

பொட்டலத்தைக் கொடுத்தாள். குஸ்தி பற்றி எதுவும் சொல்லாமல் அடுத்த குடலை எடுத்துக்கொண்டாள்.

ரயிலில் ராமசெல்விக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. எண்ணெயை ஊற்றிய கையைவிட, ஆறு வருஷமாக ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்திருந்த வாய்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. மறுப்பான் என்றுகூட இல்லை. அன்பாக மறுப்பான், தான் தலையாட்டிவிடுவோம், அதோடு அந்தக் கதவும் தன் சம்மதத்தோடே மூடிவிடும் என்ற பயம். நாயின் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வருவது சுலபமாக இருந்தது. ஆனால் நாய்க்கு அவள் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

அன்றிலிருந்து மூன்று நாட்களுக்குப் பாதி அளவு சோறு, இரட்டிப்பு நேரம் ஊறவைப்பது. பிறகு பழையபடி நாலு வேளை. எடை மேடையில் அது ஏறும்போது ஏறாதே என்ற சொல் இன்னும் எழத்தான் செய்தது. அது எழுவதை அவளால் தடுக்க முடியவில்லை. கையை மட்டும் அதன் பேச்சைக் கேட்கவிடவில்லை. இருபத்தேழு. இருபத்தெட்டு. ஆனி போய் ஆடி பிறந்தது. இருபத்தொன்பது.

முப்பது புள்ளி இரண்டு.

சுடலைராஜ் நாயைக் கட்டிக்கொண்டான். அதன் ரோமம் பளபளத்தது, கழுத்தில் மடிப்பு விழுந்திருந்தது. வாசலில் நின்ற லோடுமேன்கள் விசில் அடித்தார்கள். மாடிக்கு வந்ததும் அவன் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, பிறந்தநாள் பரிசு நீட்டுவதுபோல அவள் முன்னால் வைத்தான்.

"ரெண்டு மாசமா சொல்லி வச்சு நேத்துதான் வந்துது. நீ வாங்கிட்டு வாரதத்தான் பவுடரா பண்ணிருக்கான். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஸ்பூன் கலந்தா போதும்னு டாக்டரம்மாவே சொல்லிட்டா. இனி ஒனக்கு ரயிலும் வேண்டாம், கறிக்கடை நாத்தமும் வேண்டாம்."

அவன் முகம் மலர்ந்திருந்தது. அவளுக்காகத்தான் அலைந்திருக்கிறான்.

அவள் டப்பாவைத் திறந்தாள். வெளிர் மஞ்சள் மாவு. ஒரு ஸ்பூன் எடுத்து மசித்த சோற்றில் போட்டுப் பிசைந்தாள். பயில்வான் எதிரே வந்து உட்கார்ந்தது.

"அப்புறம், அந்த கேட் சாவி ஒன்கிட்ட கெடக்குல்லா?" சுடலைராஜ் கையை நீட்டினான். "தா. காலைல கயிறு ஏத்த வாரவனுக்குக் கொடுத்துட்டா, நான் எந்திரிச்சு வந்து தொறக்க வேண்டாம்."

நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. பவுடரைவிடப் பச்சையாகக் கொடுப்பதுதான் நல்லது, வாரம் ஒரு தடவையாவது வேண்டும். நம்பிவிடுவான். எதிரே பயில்வான் கிண்ணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது.

"இந்தப் பவுடரே இதுக்குப் போதும்" என்றாள். "நல்லாருக்கு."

"பின்ன?"

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

"எதுக்குட்டி?" அவன் சிரித்தான். "இனி எங்க போகப் போற?"

"எங்கயும் இல்ல. சும்மா. புதன்கிழமை போவேன்."

"நாய்க்குத்தான் வேண்டாம்னு சொல்லுதியே?"

"நாய்க்கு இல்லங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் பார்த்தான். கீழே லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. "செல்வி, ரோடு கெடக்குற கெடப்புல..."

"ரோடு எனக்குத் தெரியும்."

சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டோமா என்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. கை பிசைந்துகொண்டிருந்தது. அரைமணி ஊற வேண்டும் என்பது நினைவுக்கு வர, கிண்ணத்தை மூடிச் சமையல் மேடைமேல் வைத்தாள். சுடலைராஜின் உள்ளங்கை இன்னும் அவள் பக்கம் விரிந்தபடியே இருந்தது. அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த சாவி விரலில் தட்டுப்பட்டது. அதை எடுக்காமல், அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.