தொண்ணூற்றிரண்டாயிரத்தில் நின்ற கார்

...இல்லை, அசைந்தது, ஸ்பீட் மீற்றர் முள் உண்மையாகவே அசைந்தது, நிலாவெளிச் சந்தி தாண்டிக் கொஞ்சம் அழுத்தி மிதித்ததும் முப்பதைத் தொட்டு நாற்பதுக்கு ஏறி அங்கே நின்று நடுங்கியது, நான் ஓட்டப் பழகிய நாளிலிருந்து அந்த முள் பூச்சியத்தில் படுத்தபடியேதான் கிடந்தது, மௌத்தானதை அடக்காமல் வைத்திருக்கிறோம் என்று வாப்பாவிடம் பகிடி விட்டிருக்கிறேன், இப்போது அது எழும்பிவிட்டது, எழும்பினால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, நான் ரோட்டை விட்டுவிட்டு அதையே பார்க்கிறேன். முள்ளுக்குக் கீழே கார் ஓடிய கிலோமீற்றர் எண்கள், தொண்ணூற்றிரண்டாயிரத்துச் சொச்சம், அதன் கடைசி எண் மெல்லத் தலை குனிந்து அடுத்ததற்கு இடம் விடுகிறது. கழற்றிப் போட்ட மீற்றர் வயரை யார் திரும்பப் பூட்டியது? நேற்று நான் கம்பஸிலிருந்து வந்து காரை விடும்போதும் முள் கிடையில்தானே கிடந்தது? பக்கத்தில் எனக்கு மூத்தவள் நப்லா ராத்தா, நிறைமாதம், இறக்கக்கண்டி வீட்டில் ஏறியதிலிருந்து ஒரு கையால் சீட் பெல்ட்டை வயிற்றில் அழுத்தாமல் தூக்கிப் பிடித்தபடி கடல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வருகிறாள், டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக், அவளைக் கட்டிய மச்சான் கட்டாரில், வாப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள், ஆகவே இந்தக் குடும்பத்தின் சாரதிப் பதவி போட்டியின்றி எனக்கு வந்து சேர்ந்தது.

மீற்றர் வயரைக் கழற்றியது வாப்பாதான், நான் ஸ்கூலில் படித்த காலத்தில், காரை விற்கப்போகிறேன் என்றார், ஓட்டம் குறைந்த காருக்குத்தான் மரியாதை, லட்சத்தைத் தாண்டிவிட்டால் வாங்க வருகிறவன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான், ஆகவே வயரைக் கழற்றிவிட்டு விற்கும்வரை ஓடுவோம் என்றார், விற்கும்வரை ஓடினோம், ஓடிக்கொண்டே இருக்கிறோம், கிண்ணியாவுக்கு, மூதூருக்கு, கொழும்புக்கு, கண்டிக்கு, வருகிறவர்கள் எல்லோருக்கும் வாப்பா மீற்றரைக் காட்டுவார், பாருங்க, லட்சம் இன்னும் அடிக்கல்ல, காட்டிக் காட்டிக் கடைசியில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். உலகத்தில் எல்லோருக்கும் வயது போகிறது, எங்கள் காருக்கு மட்டும் போகவில்லை. அதுவரைக்கும் பகிடிதான். ஆனால் டைமிங் பெல்ட் என்று ஒன்று இருக்கிறதே, எஞ்சினுக்குள் மேலே போகிறதும் கீழே வருகிறதும் ஒன்றோடொன்று முட்டாமல் முறை வைத்து ஓட்டுகிற ரப்பர் பட்டி, லட்சத்தில் மாற்றவேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, எந்த லட்சத்தில்? இரண்டு தரம் ஓடி முடித்த லட்சத்திலா, இன்னும் வராத லட்சத்திலா? வாப்பாவைக் கேட்டால், இன்னும் எட்டாயிரம் கிடக்குதே மகன்.

உப்புவெளியில் கராஜ் வைத்திருக்கிற ஜவ்பர் நானாவிடம் போய்க் கேட்டேன், அவர் எஞ்சின் மூடியைத் தட்டினார், காதை வைத்தார், டொக்டரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார், எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. “இண்டைக்கும் அறலாம், அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கும் அறலாம்.” அதை நானும் சொல்வேனே நானா என்றேன். “திறந்து பாக்காமச் சொல்ல ஏலா. திறந்தா மாத்தாம மூட ஏலா. ரெண்டு நாள் காரை இங்க போடணும். ரெண்டு நாள் எண்டா என்ட ரெண்டு நாள்.” அவருடைய இரண்டு நாளில் ஊரார் வீடு கட்டிக் குடிபூருவார்கள். சத்தம் ஏதாவது கேட்டால் உடனே கொண்டுவரட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார், “பெல்ட் சத்தம் போடாதுடா தம்பி. சத்தம் கேட்டா அது வேற என்னவோ. பெல்ட் அறுந்தா சத்தம் நிக்கும், அவ்வளவுதான்.” அன்றிலிருந்து நான் சத்தத்தைக் கேட்பதில்லை, சத்தம் இருக்கிறதா என்று கேட்கிறேன், ஒவ்வொரு நொடியும், இருக்கிறது, இருக்கிறது, இன்னும் இருக்கிறது... புது பெல்ட்டை வாங்கிப் பொலித்தீன் பக்கெட்டோடு டேஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன், மாட்டுவதற்கு அல்ல, சும்மா இருக்கட்டும் என்று, கார் தாயத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறது.

மாற்றாததற்குக் காரணம் ஜவ்பர் நானாவின் இரண்டு நாள் அல்ல, அது எனக்கும் தெரியும், வாப்பாவுக்கும் தெரியும், வீட்டில் யாரும் கதைப்பதில்லை. போன தரம், ராத்தாவுக்கு ஏழாம் மாதம், ஒரு மத்தியானம் நோக்காடு கண்டது, கார் வீட்டில் இல்லை, ஒருவன் உறுதியாக வாங்க வருகிறான் என்று கதவுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொண்டுபோய் வாப்பா கராஜில் விட்டிருந்தார், உம்மா ரோட்டில் நின்று கையைக் காட்ட, மீன் ஏற்றிய லொறிகள் போயின, ஆட்டோ வரப் பிந்தியது, பிள்ளை தங்கவில்லை. கார் பளபளவென்று திரும்பி வந்தது, உறுதியாக வாங்குகிறவன் வரவே இல்லை. அதற்குப் பிறகு வாப்பா ஒரே ஒரு சட்டம் போட்டார், நப்லாவுக்குப் பிள்ளை பிறந்து கைக்கு வரும்வரை கார் ஒரு பொழுதும் கராஜில் நிற்கக் கூடாது. ஆக, கராஜில் விட்டால் போன தரம் போல நோக்காடு வரும் நேரம் பார்த்துக் கார் இல்லாமல் போகலாம், விடாவிட்டால் நோக்காட்டோடு போகும் நேரம் பார்த்துச் சாம்பல்தீவு வெளியில் சத்தம் நிற்கலாம். இதில் எது சரி? பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்தால் இரண்டுமே பிழை என்று எழுதிவிட்டு எழும்பி வரலாம், இங்கே எழும்பினால் ஸ்டீரிங்கை யார் பிடிப்பது.

சாம்பல்தீவுப் பாலத்தில் மாடுகள். பாலத்தை யாரோ மாடுகளுக்கென்றே கட்டிக்கொடுத்தது போல ஒன்று நடுவில் படுத்திருக்கிறது, மற்றவை அதற்குக் காவல், ஹோர்னை அடித்தேன், படுத்திருந்தது என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டது, முள் பூச்சியத்தில், எஞ்சின் குடுகுடு என்று நின்ற இடத்தில் ஓடுகிறது, நின்ற இடத்தில் ஓடினாலும் பெல்ட் தேயும்தானே, மீற்றருக்குத் தெரியாமல் தேயும், நிறுத்துவோமா, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் எடுக்கும்போதுதான் கூட இழுபடும் என்று எங்கேயோ வாசித்தேன், அப்படியென்றால் நிறுத்தாமல்... ராத்தா மூச்சைப் பிடித்தாளா? பிடித்தாள். விட்டாள். திரும்பிப் பார்த்தேன், கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வயிற்றில் வைத்த கை மட்டும் இறுகி மெல்ல விரிந்தது. என்ன, ராத்தா? ஒண்டுமில்ல. இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுமில்லை.

“மூஞ்ச வெச்சிருக்கிற விதத்தப் பாத்தா நீதான் பிள்ள பெறப் போறாய் போல இருக்கு” என்றாள், பிறகு, “உம்மா வெச்ச துவாய் எங்க?” என்று லாச்சியைத் திறந்தாள், நான் வேண்டாம் என்பதற்குள் திறந்துவிட்டாள், பக்கெட்டை எடுத்து மேலும் கீழும் பார்த்தாள், பல்லுப் பல்லாய் இருந்த ரப்பரைப் பொலித்தீனுக்கு மேலால் தடவினாள். இது என்னடா? பெல்ட். இடுப்புக்கா? எஞ்சினுக்கு. எஞ்சினுக்குள்ள இல்லாம இங்க என்ன செய்யுது? மாடு எழும்பியது, நான் கியரைப் போட்டேன், சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், மீற்றர், லட்சம், ஜவ்பர் நானா, இரண்டு நாள், சத்தம் நிற்கிறது, வாப்பாவின் சட்டம், அலஸ்தோட்டம் வரும்வரை வாய் மூடவில்லை, முள் ஐம்பதில் நின்று நடுங்கியது. “அதான் நேத்து மஃரிபுக்குப் பிறகு வாப்பா டோச் லைட்டோட காருக்குள்ள தலைகீழாக் கிடந்தவர்” என்றாள். “என்ன வாப்பா எண்டு கேட்டா, சாவி விழுந்துட்டாம். சாவி ஆணியில தொங்குது.” ஒப்பரேசன் செய்த கண்ணோடு, குனியக் கூடாது என்று டொக்டர் சொல்லியனுப்பிய கண்ணோடு வயரைப் பூட்டியிருக்கிறார்... அப்படியென்றால் அவர் விற்கப்போவதில்லை, அவரும் எண்ணத் தொடங்கிவிட்டார், பொய் எண்ணுக்கு மேலே உண்மையை அடுக்கிக்கொண்டு, எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாமல் நேற்றிலிருந்து எண்ணுகிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நானும் பெல்ட் வாங்கியதை அவரிடம் சொல்லாமல்.

“அண்டைக்கு” என்றாள் ராத்தா. அவள் அண்டைக்கு என்றால் எந்த அண்டைக்கு என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. “கார் வாசல்ல நிண்டிருந்தாலும் பிள்ள தங்கியிருக்காதுடா. அதுக்கு முதல்நாளே பிள்ளைட மூச்சு நிண்டிட்டாம். டொக்டர் எனக்கு வடிவாச் சொன்னவர். யார்லயும் பிழை இல்லையாம்.” எனக்கு ரோடு ஒரு கணம் தெரியவில்லை. வாப்பாவுக்குச் சொல்லவில்லையா? “மச்சானுக்குச் சொன்னனான். வாப்பாவுக்குச் சொல்லல்ல.” ஏன் ராத்தா, அவர் இவ்வளவு காலமும் தன்னைத்தான்... “தன்ன இல்ல, காரை. ஒவ்வொரு நாளும் காலையில சுபஹு தொழுதிட்டு வந்து காரை ஏசுவாரே, நீ படுத்துக் கிடப்பாய், உனக்குத் தெரியாது. ஏசிட்டு மறுகா துடைப்பார். அதையும் பறிச்சா அவர் ஆரை ஏசுறது? அல்லாஹ்வையா?” திரும்ப மூச்சைப் பிடித்தாள், இந்த முறை நீளம், நான் சத்தத்தைக் கேட்க மறந்தேன், விட்டாள். “உப்புவெளியில திருப்பு. காரை ஜவ்பர் நானாட்டக் குடு. நானும் நீயும் ஆட்டோவுல போவம்.” வாப்பாவின் சட்டம்? “சட்டத்த நான் பாக்கிறன். நீ திருப்பு.”

திருப்பினேன். ஜவ்பர் நானாவின் ஒழுங்கைக்குள் மணல், முள் பத்துக்கு இறங்கி, ஐந்துக்கு இறங்கி, பூச்சியத்தில் படுத்தது, எண்கள் அப்படியே, இன்னும் தொண்ணூற்றிரண்டாயிரம்தான், நிலாவெளியில் பார்த்ததைவிடக் கொஞ்சம் மூப்பு. வாசலால் போன ஆட்டோ ஒன்றை ராத்தா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்து, மற்றக் காலுக்காகக் கொஞ்சம் ஓய்ந்து இருந்தாள், பெல்ட் பக்கெட் அவள் மடியில். ஜவ்பர் நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் குனிந்தார், ஆ, வந்திட்டியா, நிப்பாட்டு, என்று விரலால் சாவியைத் திருப்பிக் காட்டினார். சாவியில் கை வைத்தேன். திருப்பவேண்டியதுதான், எல்லாம் முடிவாகிவிட்டது, சரியான முடிவு, இனி ரோட்டில் அறாது, ஆட்டோவில் எங்கள் பெல்ட் இல்லை, டவுன் இந்தா கிட்ட... ஆனால் கார் இருந்தும் பிள்ளை தங்கியிருக்காது என்றால், பெல்ட்டை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், நான் இவ்வளவு நாளும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டு வந்தது எதனுடைய சத்தத்தை? பெல்ட் என்றால் கடையில் இருக்கிறது, லட்சத்தில் மாற்று என்று ஒரு புத்தகமாவது சொல்கிறது, பயப்படுவதற்கு வசதியான சாமான், அதனால்தான் அதற்குப் பயந்தேனோ, வாப்பா ஏசுவதற்குக் கார் போல... “என்னடா, நிப்பாட்டன்” என்றார் ஜவ்பர் நானா. ராத்தா மூச்சைப் பிடித்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, நான் அவள் விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.