கார்வின் லூட்கே அச்சைச் சூடாக்க மாட்டான்

ஈயம் உருக்குகிறவர்களில் இரண்டு வகைதான் உண்டு: கார்வின் லூட்கே, மற்றவர்கள். இது கார்வினுடைய கருத்து. கிழக்கு மான்டானாவில் முந்நூறு மைல் சுற்றளவுக்கு இதை யாரும் மறுத்ததில்லை. அந்த முந்நூறு மைலுக்குள் ஆட்களே கொஞ்சம்தான் என்பது வேறு விஷயம்.

மறுக்கக்கூடிய ஒரே ஆள் அவனுடைய அக்கா ரோவீனா. மார்ச் மாதத்து அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவளுடைய கேரேஜில்தான் அவன் நிற்க வேண்டியிருந்தது. அவனுடைய உருக்குச் சட்டியின் கம்பிச்சுருள் முந்தின நாள் எரிந்துபோயிருந்தது. விடிந்தால் துப்பாக்கிக் கிளப்பில் தேர்வு. பழைய ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியும் கரிமருந்தும் வைத்து, ஐந்நூறு கஜத்துக்கு அப்பால் நிற்கும் இரும்பு ஆட்டுக்கடாவை யார் அதிகத் தடவை சாய்க்கிறார்களோ அவர்தான் மாநிலப் போட்டிக்குப் போவார். இடம் ஒன்றே ஒன்று. மூன்று வருஷமாக ரோவீனா போய்வருகிறாள். குண்டுகளைச் சுடுகிறவரே வார்க்க வேண்டும், கடையில் வாங்கியதோ இன்னொருவர் வார்த்ததோ செல்லாது என்பது கிளப்பின் சட்டம். ரோவீனாவின் அறுபது குண்டுகளும் முட்டை அட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கார்வினிடம் ஒன்றுகூட இல்லை.

போட்டியாளனுக்கே சட்டியைக் கடன் கொடுத்த அக்கா, மூன்று நிபந்தனைகள் வைத்தாள். கையுறை போட வேண்டும். நெற்றியிலிருந்து இறக்குகிற கண்ணாடி முகக்கவசம் போட வேண்டும். குண்டு வார்க்கும் இரும்பு அச்சை மின்சார அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஈயத்தை ஊற்ற வேண்டும்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டான் கார்வின்.

"இருபது நிமிஷம். மேலே ஒரு காலி டப்பாவைக் கவுத்து வை, அப்பத்தான் சூடு நிக்கும். பத்து நிமிஷத்துல திருப்பிப் போடு."

"திருப்பிப் போடணுமா? பான்கேக் மாதிரியா?"

"ஆமா."

"வெண்ணெய் தடவணுமா அக்கா? மேப்பிள் பாகு?"

ரோவீனா கணப்புக்கு விறகு எடுக்க வாசல் பக்கம் போனாள். அவளுடைய கணவர் ஹோலிஸ் சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் காப்பிக் குவளையும் மடியில் விதைக் கடை விலைப்பட்டியலுமாக, தக்காளி விதைகளின் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்களே சொல்லுங்க," என்றான் கார்வின். "அச்சைச் சூடாக்குறதுங்கிறது யார் பண்ற வேலை? தன் மேல நம்பிக்கை இல்லாதவன் பண்ற வேலை."

"அவ அறுபது வார்த்துட்டா, மச்சான்," என்றார் ஹோலிஸ். "நீ இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கே."

குளிர்ந்த அச்சில் ஊற்றினால் குண்டு சுருங்கிப்போகும், நனைத்துக் காயவைத்த சட்டை மாதிரி மேலெல்லாம் மடிப்பு விழும் என்பது கார்வினுக்கும் தெரியும். அதற்கு அவனிடம் சொந்த வழி ஒன்று இருந்தது. அச்சின் மூலையை நேராக உருகின ஈயத்தில் முக்கி எடுப்பான். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இருபது நிமிஷம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுடைய வாழ்க்கையில் எவ்வளவு வீணாகிறது என்று அவன் ஒருமுறை கிளப்பில் கணக்குப் போட்டுக் காட்டியும் இருக்கிறான். யாரும் கைதட்டவில்லை. அது அவர்கள் கையுறை போட்டிருந்ததால் என்று எடுத்துக்கொண்டான்.

அச்சு ராத்திரி முழுவதும் அவனுடைய பிக்கப் வண்டியின் கருவிப் பெட்டியில் கிடந்தது. வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. கணப்பு எரிகிற கேரேஜுக்குள் கொண்டுவந்ததும் இரும்பு வெள்ளை பூத்து, பிறகு வேர்த்தது. கார்வின் அதைத் தன் ஜீன்ஸில் இரண்டு முறை தேய்த்தான். பளபளத்தது. அச்சை இணைக்கும் திருகாணியின் துளைக்குள் ஜீன்ஸ் போகாது என்பதை அவன் யோசிக்கவில்லை.

முகக்கவசம் அவன் நெற்றிக்கு மேல் தூக்கி வைத்தபடியே இருந்தது. விறகோடு திரும்பி வந்த ரோவீனா அதைப் பார்த்தாள்.

"கவசத்தை இறக்கு."

"நான் என்ன கப்பலுக்கு வெல்டிங்கா வைக்கிறேன்?"

ஒரு கையில் விறகோடு, மறு கையின் முட்டியால் கவசத்தின் உச்சியில் ஒரு தட்டு தட்டினாள். கவசம் டப்பென்று முகத்தின் மேல் விழுந்தது. அவள் கணப்பை நோக்கி நடந்தாள். கார்வின் ஹோலிஸைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு, "இப்பப் பாருங்க மாமா, அரை நிமிஷம்," என்று சொல்லி அச்சின் மூலையைச் சட்டிக்குள் இறக்கினான்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ பெரிய புத்தகத்தை மூடினது போல ஒன்று. பிறகு சட்டியிலிருந்து வெள்ளியாக ஒரு மரம் எழுந்தது. அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது: தண்டு, கிளை, இலை எல்லாம் இருந்தது. அது கூரை வரைக்கும் போயிற்று. அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு மழையாகத் திரும்பி வந்தது.

பிறகு கேரேஜில் எதுவும் நடக்கவில்லை.

கூரைப் பலகையில் ஈயம் நட்சத்திர நட்சத்திரமாக ஒட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் ஒரு கோடு வழிந்து இறுகி, நிமிஷ முள்ளை மறைத்துவிட்டிருந்தது. அவனுடைய இடது ஸ்லீவில் நான்கு ஓட்டைகள் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தன. அவற்றை அணைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. யார் அணைப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. ரோவீனா வந்து அணைத்தாள். சட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள்.

ஹோலிஸ் குவளைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ சுர்ரென்று அடங்கியது.

"காப்பி போச்சு," என்றார். அவருடைய குரல் வழக்கத்தைவிட மெல்லிசாக இருந்தது. விலைப்பட்டியலின் மேல் பட்டாணி அளவு ஈயம் ஒன்று தக்காளிப் படத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கார்வின். அச்சைக் கீழே வை."

அவன் வைக்கத்தான் நினைத்தான். விரல்கள் கேட்கவில்லை. ரோவீனா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். பிறகு கவசத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

கவசத்தில் அங்கங்கே சின்னச் சின்னப் பொட்டுகள். அவற்றை அவன் எண்ணவில்லை. ஒன்றுதான் பெரியது, கால் டாலர் நாணயம் அளவுக்கு. அது வலது கண்ணுக்கு நேரே இருந்தது. கவசத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். சந்தேகமே இல்லை. நாற்பத்தொரு வருஷமாக இரும்புக்கடாவையும் கலைமானையும் குறிபார்த்த அந்தக் கண், இப்போது ஈயத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்பக்கமிருந்து அது கறுப்பாகத் தெரிந்தது.

அவன் அங்கிருந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான்.

"எத்தனை விரல்?" என்றாள் ரோவீனா.

"மூணு."

"கண்ணு எரியுதா?"

"இல்ல."

"ஜீன்ஸ்ல தேய்ச்சேல்ல. நான் வாசல்லேருந்து பார்த்தேன். துளைக்குள்ள தண்ணி இருந்திருக்கு. ஒரு சொட்டு போதும், ஈயத்துக்கு அடியில போனா அது ஆவியாகி மொத்தச் சட்டியையும் தூக்கிடும்." அவளும் உட்கார்ந்தாள், விறகின் மேல். "இதுக்குத்தாண்டா அடுப்பு. சுருக்கம் விழாம இருக்க மட்டும் இல்ல. ஈரம் போகணும்."

நக்கலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று கார்வின் வாயைத் திறந்தான். வந்தது நக்கல் இல்லை. இப்படி நடந்ததே இல்லை. ஹோலிஸ்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு நீயே போயிடு அக்கா," என்றான். "நான் வரல."

"வராம?"

"குண்டு இல்லையே."

"சட்டியில பாதி இருக்கு. நாப்பது தேறும். நாப்பது போதும், உனக்கு அறுபதும் குறி தப்பத்தான் போகுது." அவள் எழுந்தாள். "எதிர்ல ஆளே இல்லாம ஜெயிச்சுட்டு வந்து நான் யார்கிட்ட பீத்திக்கிறது? தலையில ஈயத் தூளா இருக்கு, அலசிட்டு வரேன். அதுக்குள்ள கிளம்பறதுன்னா கிளம்பு. இருக்கறதுன்னா இரு."

கதவு சாத்திக்கொண்டது. ஹோலிஸ் குவளையைக் கவிழ்த்து, காப்பிக்குள் இறுகிய ஈய மணியை வெளியே எடுத்து, மேஜை மேல் வைத்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வெள்ளரி.

கார்வின் நெடுநேரம் கூரையைப் பார்த்தான். பிறகு எழுந்து போய்ச் சட்டியின் கம்பியைச் செருகினான். கையுறையை இழுத்து மாட்டினான். அச்சைத் திறந்து திருகாணித் துளையை ஊதினான், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான், மறுபடி ஊதினான். மின்சார அடுப்பைப் போட்டு, அதன் மேல் அச்சை ஓரமாக வைத்தான். அலமாரியில் தேடி, ஒரு காலி பீன்ஸ் டப்பாவைக் கண்டுபிடித்து அதன் மேல் கவிழ்த்தான். டப்பா கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினான். இன்னும் எதையும் ஊற்ற ஆரம்பிக்காதபோதே முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டான். வலது கண்ணுக்கு ஒன்றும் தெரியாததால் தலையைக் கோழி மாதிரி ஒருபக்கம் திருப்பி அடுப்பைப் பார்த்தான்.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். நிமிஷ முள்ளைக் காணோம்.

கையை நீட்டினான். ஹோலிஸ் தலை தூக்காமலே கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்தக் கையுறை மேல் வைத்தார்.

பத்து நிமிஷம் ஆனதும், கார்வின் டப்பாவைத் தூக்கி, அச்சைத் திருப்பிப் போட்டான்.