மூன்றாவது ஊசி

காலைச் சாப்பாட்டு மேசையில் அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர் தன் செல்போனைக் கொண்டுவந்து அவள் தட்டின் ஓரத்தில் வைத்தார். வைத்தார் என்பதைவிட அறைந்தார் என்பதே சரி.

"படிங்க. சத்தமா வேணாம். மனசுக்குள்ளயே படிங்க."

நாட்டின் பெரிய நாளிதழ் ஒன்றின் இணையப் பக்கம் அது. உலகப் போட்டியில் ஆடிக்கொண்டிருக்கும் பெண்கள் வாலிபால் அணியின் முதன்மை அட்டாக்கருக்கு முழங்காலில் பலத்த வீக்கம், வியாழக்கிழமை கால் இறுதியில் ஆடுவது சந்தேகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. முந்தைய நாள்தான் அவள் எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: லேசான தசைப்பிடிப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. பயிற்சியாளர் சொன்னார், அவள் தட்டச்சு செய்தாள். அவ்வளவுதான் அதன் பூர்வகதை.

"இதை எழுதின நிருபர் உங்க பழைய ஆபீஸ்தானே?"

"ஆமா சார். பக்கத்து சீட்ல உட்கார்ந்தவரு. அதுக்காக..."

"நான் ஒண்ணும் சொல்லலையே. கேட்டேன், அவ்வளவுதான்."

பதினோரு வருடம் அந்த நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் குப்பை கொட்டிவிட்டு, இரண்டு வருடம் முன்பு அணியின் ஊடக அலுவலராக வந்தவள் அவள். அதனாலேயே வீராங்கனைகள் எல்லோருக்கும் அவள் 'பேப்பரக்கா'. நேற்றுவரை செல்லமாக ஒலித்த அந்தப் பெயர், அன்று காலை பக்கத்து மேசையிலிருந்து யாரோ கூப்பிட்டபோது வேறு மாதிரி காதில் விழுந்தது.

அணி மேனேஜர் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக வந்தார். பன்னிரண்டு பெண்களும் போனை அதில் போட்டார்கள். அதிகாரிகளிடம் மட்டும் வாங்கவில்லை. பயிற்சியாளர், டாக்டர், மேனேஜர், பிசியோ, பேப்பரக்கா என்று ஐந்து போன்கள் மிஞ்சின.

அவளை உறுத்தியது வேறு விஷயம். சனிக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது கணவனிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தாள், அந்தப் பெண்ணின் முழங்கால் பலூன் மாதிரி வீங்கிக் கிடக்கிறது என்று. அவனோ ஓட்டை வாய். கல்யாணத்துக்கு முன்பே அவள் அப்பா எச்சரித்திருந்தார்.

மதியம் ஓட்டலின் அவசரப் படிக்கட்டில் நின்றுகொண்டு போன் போட்டாள்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"எதை?"

"நடிக்காதீங்க. முழங்கால் விஷயம்."

"நான் யார்கிட்டயும் சொல்லலையே. மச்சான்கிட்ட மட்டும்தான்."

"என் தம்பிகிட்டயா? அவன்கிட்ட சொல்றதும் மைக் வெச்சு சொல்றதும் ஒண்ணுதானே!"

"குடும்பத்துக்குள்ள பேசினதுக்கெல்லாம் கோவிச்சுக்கிட்டா எப்படி? நீ என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி..."

அவள் போனை வைத்துவிட்டாள். அன்று முழுக்க அவன் நான்கு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அணிக் கூட்டத்துக்கு அவள் போனபோது மேனேஜர் கதவருகே நின்றார். "இன்னைக்கு நீங்க வெளிய இருங்களேன். ஆட்ட விஷயம்தான் பேசுறாங்க" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். இரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. தாழ்வாரத்து நாற்காலியில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்து வந்த பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அட்டாக்கர் கடைசியாக வந்தாள். ஆறடி இரண்டங்குலம், எல்லோரும் 'ஏணி' என்று கூப்பிடுவார்கள். காலைத் தாங்கித் தாங்கி நடந்தவள், பேப்பரக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னால் டாக்டர் வரவும் மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை அடுத்த செய்தி வந்தது. இந்த முறை இன்னும் பச்சையாக: 'முழங்காலில் கோத்த நீர் மூன்று முறை ஊசியால் உறிஞ்சப்பட்டது. வலி மறக்க மருந்து ஏற்றி ஆடவைக்கத் திட்டம்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். நீர் எடுத்த கதையை அவள் கணவனிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. ஆக அவன் இல்லை. பாவம், அவனைப் போட்டு அந்த வறு வறுத்தோமே என்று மனசு சுட்டது. உடனே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"அப்ப யாரு?" என்றான் அவன், கோபத்தை மறந்து ஆர்வமாக.

"தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிசியோ எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து இவள் அறைக்குள் வந்தாலே போனைக் குப்புறப் போடுகிறாள். பேப்பரக்காவும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு அறைக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் வேவு பார்ப்பது எவ்வளவு அசிங்கமான வேலை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நேராவே கேக்கறேன். நீ சொன்னியா?" என்றாள்.

"நானும் அதையேதான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்." பிசியோ பையிலிருந்து சிகிச்சைக் குறிப்பேட்டை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். "நீங்களே பாருங்க. ரெண்டு தடவைதான் எடுத்திருக்கு. தேதி, அளவு எல்லாம் என் கையெழுத்துல இருக்கு. நான் சொல்லியிருந்தா ரெண்டுன்னு சரியா சொல்லியிருப்பேன். எழுதினவரு யாரையோ கேட்டு மூணுன்னு அடிச்சு விட்டிருக்காரு."

பேப்பரக்கா குறிப்பேட்டைப் பார்த்தாள். இரண்டுதான். ஆனால் அந்த நிருபரை அவளுக்குத் தெரியும். ஒரு எண்ணை நேரடியாகத் தெரிந்தவரிடம் கேட்காமல் எழுதமாட்டான்; அவளே அடித்துப் பழக்கிய பழக்கம் அது.

பத்து மணிக்குப் பயிற்சியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டாக்டரும் அங்கே இருந்தார். ஆட்டத்துக்கு முந்தைய நாள் பத்திரிகையாளர் சந்திப்பு பதினொன்றரைக்கு.

"மறுப்பு அறிக்கை எழுதுங்க. மூணு தடவைங்கிறது பச்சைப் பொய். குறிப்பேடே சாட்சி. அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி ரெண்டு வரி சேர்த்துக்குங்க" என்றார் பயிற்சியாளர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், எனக்கு ஒரு பேரு வேணும். யாரு சொன்னதுன்னு. பேரு கிடைக்கலைன்னா உங்க பேரையே வெச்சுக்க வேண்டியதுதான். எனக்கு வேற வழி தெரியல."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு அவள் ஏணியின் அறைக்குப் போனாள். ஏணி கட்டிலில் காலை நீட்டி, தலையணைமேல் முழங்காலை வைத்திருந்தாள். சொல்லாததைச் சொன்னதாகப் போடப் பேப்பரக்காவுக்குப் பழைய தொழில் இடம் கொடுக்கவில்லை. படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க நினைத்தாள்.

"'நான் நலமாக இருக்கிறேன். இந்தப் பொய்ச் செய்தி என்னை வருத்துகிறது.' இது போதும்ல?"

ஏணி முழங்காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தாள். பேப்பரக்காவின் கண் முழங்காலுக்குப் போனது. ஓரத்தில் மஞ்சள் பூத்துப்போன இரண்டு புள்ளிகள். அவற்றுக்குக் கொஞ்சம் மேலே வட்டமான சின்னப் பிளாஸ்திரி, நேற்று ஒட்டியதுபோலப் புதிதாக.

"இது எப்ப?"

"நேத்து மத்தியானம். டாக்டர் ரூம்ல." ஏணி கூரையைப் பார்த்துப் பேசினாள். "கோச் சாரும் இருந்தாரு. பிசியோவைக் கூப்பிட வேணாம், நோட்டுல ஏத்த வேணாம்னுட்டாங்க."

பேப்பரக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது ஊசி மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இருவர் அதை மறைக்கத் தலையால் தண்ணீர் குடிக்கிறார்கள்.

"நீயா?" என்றாள், மெதுவாக.

ஏணி தலையை ஆட்டினாள். "ரெண்டு தடவையும் நான்தான். அந்த நிருபர் போன வருஷம் வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்தாருல்ல, நம்பர் மனப்பாடமா இருந்துச்சு. ரூம் போன்ல கூப்பிட்டேன். பேப்பர்ல வந்துட்டா பயந்துக்கிட்டு நிறுத்திருவாங்கன்னு நெனச்சேன். இவங்க பையைத் தூக்கிட்டு வந்து போனைப் புடுங்கினாங்க."

"பைத்தியம்! என்கிட்ட சொல்லியிருக்கலாமே. உன்னால எத்தனை பேர் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டுக்கிட்டுத் திரியறோம் தெரியுமா?"

"உங்ககிட்டதானேக்கா முதல்ல சொன்னேன்."

"எப்ப?"

"பஸ்ல. ஞாயித்துக்கிழமை. இறங்க முடியல, ரொம்ப வலிக்குதுக்கான்னு சொன்னேன். பாத்துக்கலாம்னு சொன்னீங்க. அப்புறம் லேசான தசைப்பிடிப்புன்னு எழுதினீங்க."

மூன்று நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு யார் பொய் சொல்கிறார்கள் என்று தேடிய பேப்பரக்கா, தன்னுடைய அந்த ஒரு வரியை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை.

"கோச் சார்கிட்ட வேணாம்னு சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். நாடே பாத்துக்கிட்டிருக்கு, நீ காலைப் பாத்துக்கிட்டிருக்கியான்னு கேட்டாரு." ஏணியின் குரல் உடைந்தது. "மருந்து ஏத்தினா வலி தெரியலக்கா. அதுதான் பயமா இருக்கு. வலி தெரியாம குதிச்சுக் குதிச்சு, உள்ள என்ன ஆகுதுன்னே தெரியாம... நாளைக்குக் களத்துல நடு ஆட்டத்துல காலு கழண்டா யாரு வந்து நிப்பாங்க?"

பதினொன்றரைக்கு அரங்கத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பயிற்சியாளர் நடுவில், பேப்பரக்கா ஓரத்தில். பழைய பக்கத்து சீட்டுக்காரன் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தான். அக்கா என்று கூப்பிடவில்லை.

"உங்கள் வீராங்கனையின் முழங்கால் பற்றிய செய்தியை மறுக்கிறீர்களா?"

"அவங்க பதில் சொல்வாங்க" என்று பயிற்சியாளர் மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அறிக்கைத் தாளை விரித்தாள். அதில் இருந்த முதல் வரியைப் பார்த்தாள். தாளை மடித்து மைக்குக்கு அடியில் வைத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை நான் அனுப்பிய குறிப்பு தவறானது. எழுதியது நான். வீராங்கனையின் முழங்காலில் மூன்று முறை நீர் எடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது முறை எடுத்தது சிகிச்சைக் குறிப்பேட்டில் ஏறவில்லை. போட்டி அமைப்பாளர்களின் மருத்துவக் குழு அவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கேமராக்கள் தன்மேல் இருப்பது தெரிந்த பயிற்சியாளர் சிரித்த முகத்தை மாற்றாமலே அவள் காதருகே குனிந்தார். "துரோகி" என்றார். மறுநாள் வந்த புகைப்படத்தில் இருவரும் ஏதோ ரசித்துப் பேசுவதுபோல இருந்தது.

மருத்துவக் குழு மாலையிலேயே ஏணியை வரவழைத்தது. அரை மணி நேரத்தில் ஆடத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பேப்பரக்காவின் கழுத்திலிருந்த அனுமதி அட்டையை மேனேஜர் கழற்றி வாங்கினார். கால் இறுதியை அவள் விமான நிலையத் தொலைக்காட்சியில் பார்த்தாள். ஏணி இல்லாத அணி உயிரைக் கொடுத்து ஆடியது. ஐந்தாவது செட்டில் பதிமூன்றுக்குப் பதினைந்து என்று தோற்றது.

அந்த இரண்டு புள்ளிகளை ஊரே அவள் தலையில் கட்டியது. எதிரணியிடம் விலைபோனவள் என்றார்கள், பழைய பத்திரிகைக்கு உளவு பார்த்தவள் என்றார்கள். கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவளை நிறுத்தி, "நல்லா இருப்பியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கணவன் மட்டும் யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் இருந்தான். "எவ்வளவு கஷ்டம் தெரியுமா?" என்று அவளிடம் சொல்லிக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து விளையாட்டுச் சங்க அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் கேட்டார்.

"செய்தியை வெளியே கொடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீங்கதான்னு நாங்க எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தானே கூப்பிட்டிருக்கீங்க" என்றாள்.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஏணி உட்கார்ந்திருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டு ஊன்றுகோல்களும் சுவரில் சாய்ந்திருந்தன. இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் மூட்டு மிஞ்சியிருக்காது என்று சிகிச்சை செய்த மருத்துவர் சொன்னதாக அவள் முன்பே போனில் சொல்லியிருந்தாள்.

"நீ எதுக்கு வந்தே? உன்னை யாரும் கூப்பிடலையே."

"கூப்பிடலைன்னா வரக்கூடாதா?" என்றபடி ஏணி ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

பேப்பரக்கா அவள் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே குரல் உயர்ந்ததாகத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. நடுவில் இருந்தவரே கதவைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்கம்மா, நாட்டுக்கு நீ வேணும்" என்று ஏணியை அன்பாக வழியனுப்பினார். பேப்பரக்காவின் பக்கம் அவர் பார்வை திரும்பவில்லை.

"என்ன சொன்னே?"

"எல்லாம் சொன்னேன். நான்தான் போன் பண்ணேன்னு சொன்னேன். மூணாவது ஊசியையும் சொன்னேன்." ஏணியின் முகம் வெளுத்திருந்தது. "எழுதவே இல்லக்கா. நான் ஆரம்பிச்சதுமே அவரு பேனாவை மூடி வெச்சுட்டாரு. வலியில ஏதோ பேசறே, போய் ரெஸ்ட் எடுன்னாரு. டாக்டரைச் சத்தம் இல்லாம மாத்திடுவாங்களாம். கோச் சார் அப்படியே இருப்பாராம். அறிக்கையை ஏற்கெனவே அடிச்சு வெச்சிருந்தாங்க. தலைகீழா இருந்தாலும் படிச்சுட்டேன். ஊடக அலுவலரின் கவனக்குறைவுன்னு போட்டிருக்கு."

பேப்பரக்காவுக்கு ஆத்திரம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. எத்தனையோ நாளாக இல்லாத ஒரு தெளிவுதான் வந்தது. கைப்பையைத் துழாவி ஒரு குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்தாள். சுவரோரம் நகர்ந்து ஏணிக்குக் காலை நீட்ட இடம் விட்டாள்.

"உக்காரு" என்றாள். "பஸ்ல என்கிட்ட சொன்னியே, அங்கேருந்து ஆரம்பி. நான் என்ன பதில் சொன்னேன்ங்கிறதையும் விடாம சொல்லு."