கடலை உள்ளே விட்ட நாள்

கோடை வகுப்பின் முதல் நாளில் பேராசிரியர் மேவ் ஸ்விக்கர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "இந்த வகுப்புக்கு ஏன் வந்தீங்க?" இருபது வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேர் இருந்தார்கள். எதிர்காலம், பனிப்பாறை, பூமியின் வெப்பம் என்று ஆளுக்கொன்றாக நன்றாகவே சொன்னார்கள். பிறகு என் முறை வந்தது. நாற்பத்தேழு வயதில், தேர்வு எழுதி முப்பது வருடமான பிறகு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

"என் பேரு ஓடெட் மெலான்சன். ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்" என்றேன். "போன ஜனவரிப் புயல்ல கடல் ரோட்டு மேலயே ஏறிடுச்சு. பஸ் நிறைய பிள்ளைங்க, முப்பத்தொரு பேர். திருப்ப இடமில்ல. ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தேன். அந்தத் தண்ணி அங்க எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். அவள்தான் கெசையா சில்லிபாய். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே குழு.

பல்கலைக்கழகத்தில் கோடையில் நடக்கும் நான்கு வார வகுப்பு அது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் படிக்க வேண்டும். படித்ததை எங்கள் ஊர்க் கடலோரத்திலேயே அளந்தும் பார்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கென்று இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். கோடையில் பஸ் ஓடாது. விண்ணப்பம் போட்டேன், கிடைத்துவிட்டது.

என் தம்பி ரெயாலிடம் சொன்னபோது அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"காலேஜா? நீயா? பத்தாம் வகுப்புக் கணக்குல ரெண்டு தடவை கோட்டை விட்டவதானே நீ?"

"மூணு தடவை. சொல்றதைச் சரியாச் சொல்லுடா."

எந்த இடத்தை அளக்கப் போகிறோம் என்று சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. விரிகுடாவை ஒட்டி நாற்பது ஏக்கர் புல்வெளி. இருபது வருடமாகத் தன் மாடுகளுக்கு அங்கேதான் அவன் புல் அறுத்தான். கடலைத் தடுத்து நின்ற பழைய மண்கரை அலையடித்து அடித்து இற்றுப்போயிருந்தது. அதை இனித் தூக்கி நிறுத்த முடியாது என்று அரசாங்கம் முடிவு செய்து, ரோட்டுக்குப் பக்கத்தில், உள்ளே தள்ளிப் புதிய கரை கட்டிவிட்டது. ஜூலையில் கடல் மிக உயரமாகப் பொங்கி வரும் பெரிய ஏற்றத்தன்று பழைய கரையை வெட்டித் திறப்பார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் உள்ள புல்வெளி மறுபடி உப்புச் சதுப்பாகிவிடும்.

"நம்ம ஆளுங்க முந்நூறு வருஷமா மண்ணை வெட்டி வெட்டி கடலை வெளிய நிறுத்தினாங்க" என்றான் ரெயால். "நீங்க என்னடான்னா கதவைத் திறந்துவிட்டு, வாங்க உக்காருங்கன்னு உபசாரம் பண்றீங்க."

"நாம கூப்பிடலைன்னாலும் அது வரத்தான் போகுது. ஜனவரியில கூப்பிட்டா வந்துச்சு?"

"போங்க, புரொபசரம்மா" என்று எழுந்து போய்விட்டான்.

உண்மையில் கரையைத் திறப்பதில் எனக்கும் பாதி சந்தேகம் இருந்தது. இரண்டாவது வாரம்தான் தெளிந்தது. மேவ் எங்களைப் பழைய கரைக்கு வெளியே, இன்னும் மிச்சமிருக்கும் ஒரு துண்டுச் சதுப்புக்குக் கூட்டிப்போனார். கரைக்கு உள்ளேயிருந்த எங்கள் வயலைவிட வெளியே இருந்த சதுப்பு ஒரு மீட்டருக்கு மேல் உயரமாக இருந்தது! ஒவ்வொரு ஏற்றமும் கொஞ்சம் சேற்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது. உப்புப்புல் அதைப் பிடித்துக்கொள்கிறது. புல் காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட கார்பனும் அதோடு புதைந்துபோகிறது. கடல் உயர உயரச் சதுப்பும் கூடவே உயர்ந்திருக்கிறது. கரைக்குள் அடைபட்ட எங்கள் வயல் மட்டும் அப்படியே தாழ்ந்து கிடந்திருக்கிறது; கரையைத் தாண்டிய தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு ரோட்டுக்குத்தான் வரும். ஜனவரியில் தண்ணீர் எதற்காக ரோட்டைத் தேடி வந்தது என்று அந்தச் சேற்றில் நின்றபடி எனக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் தனியாகப் பேசிக்கொண்டே போனேன்.

எனக்கும் கெசையாவுக்கும் கிடைத்த வேலை, புல்வெளியின் மேடுபள்ளத்தை அளப்பது. இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி. அவள் அளவுகோலை நட்டுப் பிடிப்பாள். நான் கருவிக்குள் கண்ணை வைத்து எண்ணைப் படிப்பேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி. கொசு எங்கள் இருவரையும் தின்று தீர்த்தது. ஐந்தாவது நாள் எண்கள் ஒரு மாதிரியாக வர ஆரம்பித்தன. சுற்றிலும் இருப்பதைவிட அரை மீட்டர் கூடுதல்.

"கோலைச் சேத்துல அழுத்தாம நேராப் பிடி, கெசையா."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். நீங்க கண்ணாடியைத் துடைங்க."

துடைத்தேன். அதே எண்தான். அடுத்த புள்ளியும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. நேராகப் போகாமல் கோணிக்கோணி, புதிய கரையிலிருந்து புல்வெளியின் நடுவரை ஒரு மேடு ஓடியது. அகலம் ஒரு வண்டித் தடம் அளவு. இடுப்புயரப் புல்லில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலை வகுப்பறையில் எண்களைக் காகிதத்தில் குறித்துக் கோடு போட்டுக் காட்டியபோது மேவ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இது எந்த மேப்பிலயும் இல்லையே! ஓடெட், இது அந்தப் பழைய கரைக்கும் முந்தின கரை. யாரோ உழுது உழுது அமுக்கிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிருக்கீங்க!"

எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ரெயாலுக்குப் போன் செய்து சொன்னேன். "இருபது வருஷம் டிராக்டர் ஓட்டியிருக்கேன். அது மேசை மாதிரி சமமான நிலம்" என்றான். "உங்க கருவிதான் கோணல்."

திறப்பு நாளன்று காலை ஏழரைக்கு, கடல் வற்றிக் கிடந்த நேரத்தில், மண்வெட்டும் இயந்திரம் பழைய கரையைப் பிளந்தது. முப்பது மீட்டர் அகலத்தில் வாய் திறந்ததும் இயந்திரம் ஊர்ந்து வெளியேறியது. உச்ச ஏற்றம் பகல் ஒன்று ஐம்பதுக்கு. புதிய கரை மேல் ஊரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு உருண்டை அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு முளைக்குச்சியில் பெயரெழுதி, புல்வெளி சரிந்து உயரும் ஓரத்தில், தண்ணீர் எதுவரை வரும் என்று கணக்குப் போட்ட இடத்தில் நட்டிருந்தோம். ரெயால் மட்டும் வரவில்லை. "கொலையைப் பாக்க நான் வரலை" என்று சொல்லிவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அது வந்தது. முதலில் சத்தம்தான், காய்ந்த இலையை யாரோ பெருக்குவது போல. பிறகு திறந்த வாய் வழியாகப் பழுப்பு நாக்கு ஒன்று நுழைந்து, நின்று, ஒருமுறை சுழன்றுவிட்டு, பழைய ஓடைப்பள்ளத்தில் விழுந்து ஓடியது. கரை மேல் அத்தனை பேரும் கத்தினோம். மேவ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வருது, வருது, வருது!" முப்பத்தொரு வயதுப் பேராசிரியர், சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நானும் குதித்தேன், முழங்கால் வலியோடு.

அரை மணி நேரம் அப்படியே போயிற்று. அப்போதுதான் தொலைநோக்கியை வைத்திருந்த கெசையா, "ஓடெட், அங்க நடுவுல பழுப்பா நிக்கிறது என்னது?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஃபினெட். ரெயாலின் கிடாரி. கார் நிறுத்த வந்தவர்களில் யாரோ மேய்ச்சல் நிலத்தின் கேட்டைச் சாத்தாமல் விட்டிருக்கிறார்கள். நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது நிதானமாகப் போய் புல்வெளியின் நடுவில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் தண்ணீர் பளபளக்கத் தொடங்கியிருந்தது.

போன் செய்த ஐந்தாவது நிமிடம் ரெயால் நான்கு சக்கர மோட்டார் பைக்கில் வந்து குதித்தான். கையில் ஒரு வாளி ஓட்ஸ். வேறொன்றும் பேசாமல் கரையிலிருந்து நேராக இறங்கப் போனான்.

"அங்க இறங்காதே!" அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "நேரா போனா பள்ளம். இன்னும் இருபது நிமிஷத்துல உன் நெஞ்சளவு தண்ணி வரும். மேட்டு மேல போகணும்."

"எந்த மேடு? எனக்குத் தெரியாத மேடா?"

"ஆமா. உனக்குத் தெரியாத மேடுதான்."

மேவ் குறுக்கே வந்தார். "யாரும் இறங்கக் கூடாது, ஓடெட். கரையைத் திறந்த பிறகு மாணவர்கள் உள்ள போகக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

வகுப்பில் எனக்குக் கொடுத்திருந்த ஆரஞ்சு மேலங்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "இப்ப நான் மாணவி இல்ல. மாட்டுக்காரனோட அக்கா."

மேவ் அதை வாங்கிக்கொண்டார். பிறகு கெசையாவிடம் திரும்பி, "அளவுத் தாளை எடு. போன்ல அவங்களுக்கு வழி சொல்லு. பன்னிரண்டு ஐம்பதுக்கு எங்க இருந்தாலும் திரும்பணும், மாடு வந்தாலும் வராட்டியும்" என்றார்.

முன்னால் நான், பின்னால் ரெயால். போன் காதில்.

"புள்ளி நூற்றுத் தொண்ணூறு. நேரா போங்க" என்றாள் கெசையா. "இப்ப லேசா இடது பக்கம். இன்னும் இடது. நூற்றுத் தொண்ணூற்றெட்டுல ஒரு தாழ்வு இருக்கு, ஓடெட். முழங்கால் வரைக்கும் வரும். பயப்படாதீங்க, பத்தே அடி."

அந்தப் பத்தடியில் தண்ணீர் சில்லென்று தொடையைத் தொட்டது. ஜூலையிலும் அந்த விரிகுடாவுக்குச் சூடென்பது தெரியாது. என் ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு நடந்தேன். மறுபடி மேட்டில் ஏறியதும் ரெயால் நின்றுவிட்டான்.

"ஓடெட். இங்க பாரு."

இரண்டு பக்கமும் தண்ணீர் பரவிவிட்டிருந்தது. நடுவில் எங்கள் மேடு மட்டும் பச்சையாக, கோணிக்கோணி, காகிதத்தில் நான் பென்சிலால் போட்ட கோடு எப்படி வளைந்ததோ அப்படியே வளைந்து கிடந்தது. நான் எண்ணாகப் படித்ததை என் கண்ணால் பார்த்தேன். ஓவென்று கத்திவிட்டேன். கரையிலிருந்தும் பதிலுக்குக் கத்தினார்கள். அங்கிருந்து அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"இருபது வருஷமா இதுக்கு மேலதான் டிராக்டர் ஓட்டியிருக்கேன்" என்றான் ரெயால் மெதுவாக.

"அப்புறம் பேசலாம். நட."

ஃபினெட் மேட்டின் முடிவில்தான் நின்றது, கணுக்கால் தண்ணீரில், எங்களை ஏதோ தொந்தரவு செய்ய வந்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டு. ரெயால் வாளியைக் குலுக்கினான். "வாடி, மகாராணி. வா." ஓட்ஸ் வாசனை பட்டதும் அது மறுபேச்சில்லாமல் பின்னால் வந்தது. திரும்பும்போது மேட்டின் ஓரங்கள் நனைந்துகொண்டிருந்தன. தாழ்வில் எனக்கு இடுப்புக்கு வந்துவிட்டது. கிடாரி தண்ணீரில் தடுமாறியது, ரெயால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான், நான் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். "நாலு அடி, மூணு அடி, ஏறிட்டீங்க!" என்று கெசையா போனில் கத்தியது எனக்குக் கரையிலிருந்து நேராகவே கேட்டது. மணி பன்னிரண்டு நாற்பத்தேழு. மேவ் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, உடனே கண்டபடி திட்டினார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்று ஐம்பதுக்குத் தண்ணீர் நின்றது. என் குச்சிக்குப் பதினோரு மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து பாதி நேரம் தூங்கிய ஒரு பையனின் கணக்குத்தான் சரியாக இருந்தது. கெசையாவுக்கு அந்தக் கோபம் இரண்டு நாள் தீரவில்லை.

வகுப்பின் கடைசி நாள் ஊராருக்கு எங்கள் அளவுகளை விளக்கிச் சொல்லும் கூட்டம். நான் பேச எழுந்தபோது கதவைத் திறந்துகொண்டு ரெயால் வந்தான், தலையைச் சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு. நான் முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டான்.

"சேறு படியும், சதுப்பு உயரும்னு சொல்றீங்க. சரி. கடல் அதைவிட வேகமா உயர்ந்தா?"

மேவைப் பார்த்தேன்.

"எங்களுக்கும் தெரியாது" என்றார் மேவ். "வருஷா வருஷம் அளந்தாத்தான் தெரியும்."

ரெயால் சுற்றிலும் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். "தெரியாதுன்னு சொல்ற புரொபசரை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றான். கூட்டம் சிரித்தது. அவன் உட்காரவில்லை. சேறு எவ்வளவு படிந்தது என்று கேட்டான். இரண்டு வாரத்தில் நான்கு மில்லிமீட்டர் என்றேன். எங்கே அளந்தாய், ஓடைப் பக்கமா, உள்ளேயா என்று கேட்டான். இரண்டு இடத்திலும் என்றேன். உள்ளே குறைவாகத்தான் இருக்கும் என்றான்; அப்படியில்லை என்று கெசையா எழுந்தாள். இருபது நிமிடம் மூன்று பேரும் மாறி மாறிப் பேசினோம். கடைசியில் மேவ் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் முக்கால் மணி நேரத்துல ஏற்றம். நேராவே போய்ப் பாத்துட்டு வந்துடலாமே" என்றார்.

நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. ஏழு கார்களில் எல்லாரும் ஏறினோம். ரெயால் தன் டிரக்கின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "சீக்கிரம் வா, ஓடெட், தண்ணி நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?" என்று கத்தினான்.