காது எலும்பு

கோழிக் குடலை விரித்துக் குறி பார்த்த பூசாரி உம்பு ஹினா உதட்டைப் பிதுக்கினார்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேன் ராம்பு. மூதாதைக்குக் கேக்கல. காதைப் பேத்துட்டுப் போனா எப்படிக் கேக்கும்?"

என் மகள் கோண்டா வைங்காப்பு நகரத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. ஊசி போட்டாயிற்று, இனி காத்திருக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காத்திருக்க நான் என்ன கல்லா?

மழைக்கு முன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து எங்கள் குலத்து மூதாதையைப் புதைத்த தாழியைத் தோண்டினார்கள். மண்டையோட்டில் காதுப் பக்கத்து எலும்பு மட்டும் போதும் என்றார்களாம். எங்கள் பெரிய மனிதர்கள் அவர்கள் கொடுத்த வெற்றிலை பாக்கை மென்றுகொண்டே தலையாட்டிவிட்டார்கள். என்னை யார் கேட்டார்கள்? நோய் வந்தால் நாங்கள் கூப்பிடுவது அந்தக் காதில் விழுந்தால்தான் மூதாதை வருவார்.

கிடைத்த மோட்டார் சைக்கிளில் ஏறி அவர்கள் முகாமுக்குப் போனேன். பிரசெத்யோ என்ற ஜாவாக்காரப் பையன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, அந்தக் காது எலும்பைக் குடு. என் பொண்ணு சாகக் கிடக்குறா."

மடிக்கணினியை மூடினான். "அது இல்லம்மா. மாவா அரைச்சாதான் மரபணு எடுக்க முடியும்."

"ரெண்டு காதையுமாடா அரைச்சீங்க?"

"முதல் காதுல ஒண்ணும் கிடைக்கல." தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா இதுல பெரிய விஷயம் தெரிஞ்சிருக்கும்மா. அவரோட முன்னோர் வடக்கே தைவான் பக்கத்துலேருந்து படகுல வந்தவங்க. இங்க ஏற்கெனவே இருந்தவங்களோட கலந்து..."

"எங்கேருந்து வேணா வந்துட்டுப் போறார்! இப்போ அவரை எப்படி வரவைக்கிறது, அதைச் சொல்லு!"

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவன் விலகவில்லை. கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியலம்மா. அவர் உங்க மூதாதைன்னா, அந்த எலும்புல இருந்தது உங்க ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்கும். உங்க பொண்ணு உடம்புலயும் இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. வந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

கோண்டாவின் கொதிக்கிற காதில் வாயை வைத்தேன். பூசாரியைத் தவிர யாரும் உச்சரிக்கக் கூடாத மூதாதையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குலம் என்னை ஒதுக்கி வைக்கட்டும், எனக்குப் பயமில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன போய்விடப் போகிறது?

"ஏம்மா, இது ஆஸ்பத்திரி! வெளியே போங்க!" என்று நர்ஸ் என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

கோண்டா அசையவில்லை. நர்ஸின் கையை உதறிவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறு காதுக்கு ஓடினேன்.