கழற்ற வேண்டிய எட்டு ஸ்க்ரூ

"அதெப்படிங்க போன தடவையைவிட ரெண்டு மடங்கு வரும்? முதுகு அதே முதுகுதானே?"

"முதுகு அதேதான்மா. உள்ள இருக்கிற எட்டு ஸ்க்ரூவையும் முதல்ல கழட்டணுமே. காலி மனையில வீடு கட்டுறது வேற, இடிச்சுக் கட்டுறது வேற. இடிக்கிற கூலியும் நீங்கதான் தரணும்."

ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். நாளெல்லாம் எதிரே நிற்பவர்களின் முகம் வெளிறுவதைப் பார்க்கிற வேலை; இப்படி ஏதாவது சொல்லிக்கொள்ளாவிட்டால் அவருக்கும் தாங்காது. தாளை அவள் பக்கம் திருப்பி, பேனா முனையால் வரிவரியாகத் தொட்டுக் காட்டினார். இன்சூரன்ஸ்காரர்கள் இதைப் புது ஆபரேஷனாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பழையதன் தொடர்ச்சிதானாம். அதற்கு உண்டான தொகை போன வருஷமே தீர்ந்துவிட்டதாம்.

கடைசி வரியில் பேனா நின்றது. துணைக்கு ஆள் இருந்தால் அதை அடித்துவிடலாம் என்றார். இல்லையென்றால் பத்து நாளைக்கு ஆஸ்பத்திரியே ஆயா போடும், பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிக் கூலி. எப்படியானாலும் ஃபைலைப் படித்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அங்கே யாராவது வருகிறார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துணிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் பொம்மையம்மா. பொம்மையை யாரும் முழுசாகத் தூக்க மாட்டார்கள். இடுப்பில் திருகி, மேல்பாதியைத் தனியே எடுத்து, பிறகு பொருத்துவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான்.

முதல் ஆபரேஷனுக்கு அக்கா வந்து பன்னிரண்டு நாள் கட்டிலடியில் படுத்தாள். தன் சேமிப்பைத் துடைத்துப் போட்டாள். ஆறு மாசத்துக்கு ஒரு துரும்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் மாசம் வாடகை கழுத்தை நெரித்தது. அவள் கடைக்குத் திரும்பினாள். ஒருநாள் காலை, ஷட்டர் தூக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது நடுப் பொம்மை ஒரு சாண் தள்ளி நிற்பதைப் பார்த்தாள். உடம்பு முழுக்க ஊசி குத்தி மடிப்பு வைத்த நீள அங்கி. கழற்றினால் ஒரு மணி நேரம் போய்விடும். அப்படியே கட்டிப்பிடித்துத் தூக்கி நகர்த்தினாள். ஒரே ஒரு சாண்.

'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. பதறிப்போய்ப் பொம்மையின் இடுப்பைத்தான் தடவிப் பார்த்தாள்.

வலி தொடங்கியதும் அக்காவிடம் குளியலறையில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். டாக்டரிடம் பொய் சொல்ல முடியவில்லை. 'பாரம் தூக்கியதால் ஸ்க்ரூ விலகியது' என்று அவர் ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா அச்சகத்தில் பைண்டிங் மேஜையில் இருந்தாள்.

"என்னடி, டாக்டர் என்ன சொன்னார்? நான் வாங்கிக் குடுத்த ரப்பர் மேட்டைப் போட்டியா, இல்ல சுருட்டி மூலையில வச்சிருக்கியா?"

"அக்கா, நான் பாத்ரூம்ல விழலை."

பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் மாசம் வேலைக்குப் போனது, பொம்மை, அந்த ஒரு சாண், தாளில் இருந்த தொகை. அந்தப் பக்கம் காகிதம் வெட்டும் மெஷின் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது.

"ஃபைல்ல எல்லாம் எழுதியிருக்குக்கா. கையெழுத்துப் போடுறப்ப நீயா படிச்சுத் தெரிஞ்சுக்க வேணாம்னுதான் சொல்லிட்டேன். திட்டணும்னா வந்து பக்கத்துல உக்காந்து திட்டு. பத்து நாள்தான். வர்றியாக்கா?"